மூன்றாம் பக்கத்தில் முதல்வர் தண்ணீர் ஊற்றுகிறார்

எங்கள் பள்ளி மாணவர் பத்திரிகையின் பெயர் 'திறந்த ஜன்னல்'. அதன் அலுவலகத்துக்கு ஜன்னல் கிடையாது. முன்பு வேதியியல் ஆய்வகத்தின் சாமான் அறையாக இருந்த இடம் அது. மழை நாளில் இன்னும் சுவரிலிருந்து கந்தக வாடை வரும். ஒரு நீள மேஜை, ஐந்து நாற்காலி, ஒரு கணினி, நிறுத்தின பிறகும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருக்கும் ஒரு மின்விசிறி. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் எங்கள் மூன்று விழுமியங்கள். விழுமியம் என்றால் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தச் சட்டத்தை மாட்டிய அன்றுதான் அந்த வார்த்தையை நானும் பார்த்தேன்.

அஞ்சாமல் எழுதுவோம். அளந்து எழுதுவோம். குரலற்றவர்களின் குரலாக எழுதுவோம்.

ஒவ்வொரு கூட்டத்துக்கு முன்பும் எழுந்து நின்று, வலது கையை நெஞ்சில் வைத்து, இதை மூன்று தடவை சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு உட்கார்ந்து, இந்த மாதம் எதையெல்லாம் எழுதக் கூடாது என்று பேசுவோம்.

நான் பதினொன்றாம் வகுப்பு. பத்திரிகையின் ஆசிரியர். அதாவது, எல்லாருக்கும் டீ வந்துவிட்டதா என்று பார்ப்பவள். எங்களுக்கு ஆலோசகர் பூகோள சார். தங்கமான மனிதர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "நல்லாருக்கும்மா, மேல கேட்டுக்கலாம்" என்பார். மேலே என்றால் விழுமியக் குழு. பள்ளி முதல்வர்தான் அதன் தலைவர். விதிப்புத்தகத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும் துணை முதல்வர் மேடம் அதன் செயலாளர். பத்திரிகையில் முற்றுப்புள்ளி வைப்பதென்றாலும் அவர்கள் இருவரும் சரி என்று சொல்ல வேண்டும்.

இதில் ஒரு சிக்கல். அச்சகத்துக்குத் தேதி தவறாமல் பக்கங்கள் போயாக வேண்டும். அதனால் எங்களுக்குப் பக்கம் வடிவமைக்கும் கணினி அண்ணன் முதலில் எல்லாப் பக்கங்களையும் போட்டு முடித்துவிடுவார். குழு கடைசியில்தான் படிக்கும். படித்து ஒரு செய்தியைத் தூக்கினால் பக்கத்தில் ஓட்டை விழும். அந்த ஓட்டையை அடைக்கக் கணினியில் ஒரே ஒரு படம் இருந்தது. முதல்வர் பச்சைப் பிளாஸ்டிக் வாளியோடு ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றும் படம். கீழே 'பசுமையே நம் பெருமை'. சின்ன ஓட்டை என்றால் முதல்வர் தபால்தலை அளவில் ஊற்றுவார். முழுச் செய்தி போனால் கால் பக்கத்துக்கு ஊற்றுவார். கேன்டீன் சாம்பார் வாளியில் பல்லி கிடந்த மாதம் அரைப்பக்கத்துக்கு ஊற்றினார்.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் மக்குகள் இல்லை. பத்திரிகை கைக்கு வந்ததும் ஒருத்தரும் செய்தியைப் படிக்க மாட்டார்கள். "இந்த மாசம் எவ்வளவு தண்ணி?" என்று கேட்டுக்கொண்டே புரட்டுவார்கள். படத்தின் அளவைப் பார்த்தே விஷயம் எவ்வளவு பெரியது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு விசாரித்து மீதியைத் தெரிந்துகொள்வார்கள். அந்த வகையில் பார்த்தால் எங்கள் பத்திரிகை போல விறுவிறுப்பான பத்திரிகை உலகத்தில் எங்கேயும் கிடையாது.

இனி கொசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கொசு என் சிநேகிதி. எங்கள் பத்திரிகையின் ஒரே நிருபர் என்றும் சொல்லலாம். மற்றவர்கள் பேருக்கு மட்டும் நிருபர்கள். பதில் வரும்வரை காதருகே நொய் நொய் என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அதனால்தான் அந்தப் பெயர். "சார், வடக்குப் படிக்கட்டுல ரெண்டாவது மாடி கைப்பிடி ஆடுதே, ஏன் சார்? யாருகிட்ட சொன்னீங்க சார்? எப்ப சார் சரி பண்ணுவாங்க?" என்று காவலாளி தொடங்கி கணக்கர்வரை ஒருவரையும் விடவில்லை. தாங்க முடியாமல் எல்லாரும் பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டு போல்ட்டுகள் கழன்று விழுந்து வெகுநாள் ஆயிற்று. எல்லாருக்கும் தெரியும். அந்தப் படிக்கட்டு வழியாகத்தான் ஆறாம் வகுப்புப் பொடிசுகள் மணி அடித்ததும் தடதடவென்று இறங்குவார்கள்.

எழுதிக் கொடுத்தாள். குழு கூப்பிட்டது. துணைக்கு நானும் போனேன். முதல்வர் கோபப்படவே இல்லை. அன்பாகத்தான் பேசினார்.

"அருமையான முயற்சிம்மா. ஆனா 'ஆடுகிறது'ன்னு எழுதியிருக்கே. அது கருத்து. பத்திரிகைக்குக் கருத்து வேண்டாம், செய்திதான் வேணும். எத்தனை அங்குலம் ஆடுது? அதைச் சொல்லு. நம்ம ரெண்டாவது விழுமியம் என்ன?"

"அளந்து எழுதுவோம், சார்."

"அதான். போய் அளந்துட்டு வா."

மதியச் சாப்பாட்டு நேரம். கொசு என் பையிலிருந்து முப்பது சென்டிமீட்டர் ஸ்கேலை உருவிக்கொண்டாள். "பத்து நிமிஷத்துல வரேன்டி. என் டப்பாவைத் தொட்டே, கையை ஒடிச்சிடுவேன்" என்றாள். நான் தொடவில்லை. அவள் வரவும் இல்லை. ஸ்கேல் கீழே செடிகளுக்குள் கிடந்தது, அவளிடமிருந்து கொஞ்சம் தள்ளி. டப்பாவை மறுநாள் அவள் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதை எப்படிக் கொடுத்தேன் என்று இப்போதும் எனக்குத் தெரியாது.

அந்த மாத இதழில் முதல் பக்கத்தில் கறுப்புக் கட்டம் போட்டு முதல்வரே இரங்கல் எழுதினார். 'விளையாட்டுத்தனமாகக் கைப்பிடியில் ஏறியதால் நேர்ந்த துயரம். மாணவர்கள் இதைப் பாடமாகக் கொள்ள வேண்டும்.' மூன்றாம் பக்கத்தில், கொசுவின் கட்டுரை இருந்த இடத்தில், கால் பக்கத்துக்கு முதல்வர் தண்ணீர் ஊற்றினார்.

கைப்பிடியைச் சரிசெய்யவில்லை. பூகோள சார் தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறார். "இப்ப ரிப்பேர் பண்ணா, அது ரிப்பேராகி இருந்துச்சுன்னு நாமே ஒத்துக்கிட்ட மாதிரி ஆகாதா?" என்று முதல்வர் திருப்பிக் கேட்டாராம். அதனால் அதற்குப் பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள்.

கொசுவின் அம்மா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறார். வருகிறவர்களை உட்கார வைத்து, முறை வந்ததும் உள்ளே அனுப்புகிற வேலை. நான் போனபோது மேஜைக்குப் பின்னால் அந்த இரங்கலைக் கத்தரித்து ஒட்டிவைத்திருந்தார்.

"ஆன்ட்டி, அவ விளையாடப் போகல. சத்தியமா. அளக்கத்தான் போனா."

என்னையே பார்த்தார். அழுதுவிடுவார் என்று நினைத்தேன், அழவில்லை.

"நீ அவ சிநேகிதிம்மா. அவளை விட்டுக்கொடுத்துப் பேச மாட்டே. வீட்லயும் அவ ஒரு இடத்துல நிக்க மாட்டா, ஏறி இறங்கிக்கிட்டேதான் இருப்பா. எத்தனை தடவை திட்டியிருக்கேன்." கொஞ்ச நேரம் பேனா மூடியைத் திறந்து மூடினார். "வாய்ல சொன்னா யாரு வேணா என்ன வேணா சொல்லலாம், பிரிண்ட்ல வந்தாதாம்மா உண்மைன்னு அவளேதான் சொல்லுவா. பிரிண்ட்ல வரட்டும். நம்புறேன்."

பெற்ற மகள் குரங்குச் சேட்டை செய்து செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மா தினமும் வேலைக்குப் போய் வந்துகொண்டிருந்தார். அந்தக் கட்டுரை அச்சில் வந்தே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். எப்படி என்றுதான் தெரியவில்லை. கொசுவின் பிரதியைக் குழு வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. கணினியிலிருந்தும் அழித்தாயிற்று.

அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது.

முதலில் நாற்காலி. அவள் உட்காரும் மூலை நாற்காலியை மேஜைக்கடியில் தள்ளிவிட்டுப் பூட்டிக்கொண்டு போவேன். காலையில் திறந்தால், யாரோ எழுந்து போன மாதிரி, பின்னால் இழுத்துக் கிடக்கும். பிறகு அந்த முனகல். மின்விசிறி ஓடாத நேரத்திலும் என் இடது காதுப்பக்கம் நொய் என்று ஒன்று கேட்கும். திரும்பினால் இருக்காது. பட்டப்பகலில், பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்துக்கு நடுவில். பேய் என்றால் ராத்திரிதான் வரும் என்பார்கள். இவளுக்கு உயிரோடு இருந்தபோதே நேரங்காலம் பார்க்கத் தெரியாது.

அடுத்த இதழுக்குப் பக்கம் போட்டுவிட்டுக் கணினி அண்ணன் சாப்பிடப் போனார். திரும்பி வந்து பார்த்தால் மூன்றாம் பக்கத்தில் விளையாட்டு விழாச் செய்தியைக் காணோம். அந்த இடத்தில் கொசுவின் கட்டுரை. அவள் போட்ட தலைப்பு, அவள் பெயர், ஒரு எழுத்து பிசகாமல் எல்லாம் இருந்தது.

"ஏம்மா, நீயா போட்டே?" என்று கேட்டார். முகம் வெளிறியிருந்தது.

"நான் இல்லண்ணே. நீங்கதானோன்னு நினைச்சேன்."

"எனக்கு எதுக்கும்மா வம்பு? ரெண்டு புள்ள இருக்கு."

அழித்தார். சாயந்திரம் மறுபடி இருந்தது. மறுநாள் கணினியின் கடவுச்சொல்லை மாற்றினார். அதற்கடுத்த நாள் பிளக்கையே பிடுங்கிவிட்டுப் போனார். பிளக் கீழே கிடந்தது கிடந்தபடி இருக்க, கட்டுரை வந்து உட்கார்ந்திருந்தது. நான் அண்ணனைச் சந்தேகப்பட்டேன். அண்ணன் என்னைச் சந்தேகப்பட்டார். பூகோள சார் எங்கள் இருவரையும் சந்தேகப்பட்டார், நாங்கள் அவரையும் விடவில்லை. கடைசியில் மூன்று பேரும் அந்த மூலை நாற்காலியைப் பார்த்தோம். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளுக்குள், வாடி, வந்துட்டியா என்றும் இருந்தது.

விஷயம் மேலே போயிற்று. விழுமியக் குழுவின் அவசரக் கூட்டம். நெஞ்சில் கை வைத்து மூன்று தடவை சொல்லிவிட்டு உட்கார்ந்தோம். முதல்வர் அரண்டுபோயிருப்பார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் அசரவில்லை.

"யாரு போட்டாங்கங்கறது இப்ப கேள்வி இல்ல. எந்த வழியா போட்டாங்கங்கறதுதான் கேள்வி. ஆலோசகர் மூலமா வந்துச்சா?"

"இல்ல சார்" என்றார் பூகோள சார்.

"பாத்தீங்களா. அப்ப அது முறையில்ல."

துணை முதல்வர் மேடம் புத்தகத்தைப் புரட்டினார். "சார், பத்திரிகையில எழுதணும்னா முக்கால்வாசி நாளாவது வருகை இருக்கணும். அந்தப் பொண்ணு இந்த மாசம் பூரா ஒரு நாளும் வரல."

"மெடிக்கல் லீவு ஏதாவது?"

"லெட்டர் எதுவும் வரல சார்."

எனக்குத் தாங்கவில்லை. "சார், அவ செத்துட்டா."

முதல்வர் என்னைக் கருணையோடு பார்த்தார். "அது தெரியும்மா. நாமதானே இரங்கல் போட்டோம்? ஆனா பாரு, இரங்கல் வேற, உறுப்பினர் நீக்கம் வேற. மேடம், நீக்கம் போட்டோமா?"

"போடல சார்."

"அப்ப அவ இன்னும் உறுப்பினர்தான். மரியாதையாத்தான் நடத்தணும்."

"குரலற்றவர்களின் குரல்னு நம்ம விழுமியத்துலயே இருக்கே சார்" என்று பூகோள சார் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"குரல் இல்லாதவங்களுக்குன்னுதான் போட்டிருக்கோம் சார். உயிர் இல்லாதவங்களுக்குன்னு போடலையே."

"அப்ப நிராகரிச்சிடலாமா?" என்று மேடம் பேனாவை எடுத்தார்.

முதல்வர் பதறிப்போனார். "நிராகரிக்கறதா? அஞ்சாமல் எழுதுவோம்னு மாட்டி வச்சிருக்கோம் மேடம்! இந்தப் பத்திரிகைத் திட்டம் ஆரம்பிச்ச நாள்லேருந்து ஒரு கட்டுரையைக்கூட நாம நிராகரிச்சதில்ல. மாவட்டத்துல வேற எந்தப் பள்ளிக்கூடம் அப்படிச் சொல்ல முடியும்? எல்லாமே பரிசீலனையில இருக்கு. இதையும் அப்படியே வைங்க. போன தடவை என்ன குறிப்பு எழுதினோம்?"

மேடம் பார்த்துப் படித்தார். "'எத்தனை அங்குலம் என்று அளந்து வரவும்.'"

"அது பண்ணலையே அவ? அதையே திருப்பி அனுப்புங்க."

யாருக்கு அனுப்புவது, எப்படி அனுப்புவது என்று யாரும் கேட்கவில்லை. அலுவலக உதவியாளர் குறிப்பை ஒரு உறையில் போட்டுக்கொண்டு வந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே எட்டி, மூலை நாற்காலியில் போட்டுவிட்டு ஓடியே போனார். நானும் அன்று சீக்கிரம் பூட்டிவிட்டேன். இன்னொரு தடவை அவளை அங்கே அனுப்புகிறார்களே. நாற்காலியைப் பார்த்து, "போகாதேடி" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். பைத்தியம் பிடித்துவிட்டதா என்று கேட்டால், தெரியவில்லை.

காலையில் திறந்தபோது உறை பிரிந்திருந்தது. மூன்றாம் பக்கத்தில் கட்டுரை இருந்தது. கடைசியில் புதிதாக இரண்டு வாக்கியங்கள்.

'கைப்பிடி வெளிப்பக்கமாக இரண்டரை அங்குலம் ஆடுகிறது. அதற்கு மேல் அளக்க இயலவில்லை.'

கணினி அண்ணன் படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் அழுதேன். பூகோள சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றித் துடைத்தார். அன்று பூராவும் அந்த அறையில் மின்விசிறியைப் போடவே இல்லை. ஆனாலும் நொய் என்ற சத்தம் நிற்கவே இல்லை.

முதல்வர் படித்துவிட்டு, "நல்ல முன்னேற்றம்" என்றார். "பாருங்க, சொன்னா கேட்டுக்கிட்டு திருத்தறா. 'இயலவில்லை'ன்னு முடிக்கறதுதான் கொஞ்சம் எதிர்மறையா இருக்கு. போகட்டும்." பிறகு அவர் பேனா மேஜையைத் தட்டியபடி இருந்தது. கேட்ட அளவு வந்துவிட்டது. இனி என்ன சொல்லி நிறுத்துவது என்று யோசிக்கிறார் என்பது எனக்கே புரிந்தது.

மேடம்தான் கைகொடுத்தார். "கடைசிப் பிரதியில எழுதினவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும் சார். விதி இருக்கு."

முதல்வர் முகத்தில் உயிர் வந்தது. "அதுதான் முறை. நாளைக் காலையில வரச் சொல்லி அழைப்பு அனுப்புங்க. வந்தா போடுவோம். வரலேன்னா அது நம்ம தப்பில்ல."

எங்கள் பள்ளி அலுவலகத்தில் ஒரு பழக்கம் உண்டு. எந்த மாணவரைக் குழு அழைத்தாலும் அதைக் கணினியில் ஏற்றினால்தான் அழைப்பு செல்லும். ஏற்றினார்கள். ஏற்றியதும் கணினி தன் வேலையைச் செய்தது. பெற்றோர் கைபேசிக்குத் தகவல் அனுப்பியது. இது அங்கே ஒருத்தருக்கும் நினைவில்லை.

மறுநாள் காலை முதல்வர் அறை. நடுவில் ஒரு காலி நாற்காலி. முன்னால் சின்ன மேஜை, அதில் பேனா, கவிழ்த்து வைத்த பிரதி, ஒரு தம்ளர் தண்ணீர். எதற்குத் தண்ணீர் என்று எனக்குப் புரியவில்லை. வருகிறவர்களுக்குத் தண்ணீர் வைப்பது மரியாதை என்று உதவியாளர் முணுமுணுத்தார். முதல்வர், மேடம், பூகோள சார், நான். மணி அடித்தது. உதவியாளர் தாழ்வாரத்தில் நின்று கொசுவின் முழுப் பெயரையும் சொல்லி உரக்கக் கூப்பிட்டார்.

பள்ளிக்கூடமே அடங்கிப்போயிற்று. இரண்டாம் தடவை கூப்பிட்டபோது எங்கள் வகுப்பிலிருந்து பழக்கதோஷத்தில் யாரோ, "ஆப்சென்ட் சார்!" என்று குரல் கொடுத்தார்கள். மூன்றாம் தடவைக்கும் பதில் இல்லை. முதல்வர் நாற்காலியில் சாய்ந்தார். மேடத்தைப் பார்த்து, "வரல. எழுதிக்குங்க" என்றார்.

அப்போது கதவு திறந்தது.

கொசுவின் அம்மா. டாக்டரிடம் போட்டுக்கொள்ளும் வெளிர்நீலக் கோட்டோடு அப்படியே வந்திருந்தார். கைபேசியை முன்னால் நீட்டினார்.

"மெசேஜ் வந்துச்சுங்க. 'உங்கள் மகள் நாளைக் காலை குழு முன் வர வேண்டும். வராவிட்டால் பெற்றோர் வரவும்'னு." மூச்சு வாங்கினார். "அவ வரமாட்டா. அதான் நான் வந்தேன்."

யாரும் எழுந்திருக்கவில்லை. யாரும் உட்காரச் சொல்லவுமில்லை. நான் எழுந்து போய் அந்தக் காலி நாற்காலியைக் காட்டினேன். அவர் உட்காரவில்லை, அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முதல்வர் தொண்டையைச் செருமினார். பேச்சு என்று வந்துவிட்டால் அவருக்குப் பேய், பிசாசு, பெற்றோர் எதுவும் பொருட்டில்லை.

"அம்மா, உங்க துக்கம் எங்க துக்கம். நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும். உங்க பொண்ணை நாங்க ஒரு நாளும் தடுத்ததில்ல. மத்த பள்ளிக்கூடத்துல பசங்க இந்த மாதிரி எழுதினா கிழிச்சுக் குப்பையில போட்டுருவாங்க. நாங்க அப்படி இல்ல. எங்க மாணவர் பத்திரிகைத் திட்டத்தோட நோக்கமே என்னன்னா, பிள்ளைங்களைப் பக்குவப்படுத்தறது. கைப்பிடி ஆடுதுன்னு சும்மா எழுதிக் கொண்டுவந்தா. நான்தான் உட்கார வச்சு எடுத்துச் சொன்னேன். ஆடுதுன்னா கருத்தும்மா, எத்தனை அங்குலம்னாதான் செய்தி, போய் அளந்துட்டு வான்னு. உடனே ஸ்கேலைத் தூக்கிட்டு ஓடினா பாருங்க! அந்த ஆர்வம்! வேற எந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பிள்ளை சாப்பாட்டைக்கூட விட்டுட்டு உண்மையை அளக்க ஓடும்? அதுதாம்மா எங்க வெற்றி."

சொல்லி முடித்துப் புன்னகை செய்தார். மேடத்தின் பேனா நின்றுவிட்டது.

"விளையாடப் போகலையா?" என்று கேட்டார் கொசுவின் அம்மா.

"என்னம்மா?"

"விளையாடப் போய் விழுந்துட்டான்னு எழுதியிருந்தீங்க. பிரிண்ட்ல. நான் தினம் அதைப் படிக்கறேன். அவ விளையாடப் போகலையா?"

முதல்வர் மேடத்தைப் பார்த்தார். மேடம் விதிப்புத்தகத்தைப் பார்த்தார். அதில் இதற்கு எதுவும் இல்லை போலிருக்கிறது. என் காதுப்பக்கம் சத்தம் ஏறிக்கொண்டே போயிற்று. எனக்கு மட்டும்தான் கேட்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முதல்வர் கையை வீசி எதையோ விரட்டினார்.

"இல்லம்மா" என்றார் பூகோள சார். மேலே கேட்டுக்கொள்ளாமலே சொன்னார். "அவ விளையாடப் போகல. நாங்க அனுப்பிதான் போனா."

கொசுவின் அம்மா அப்போதுதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "தினம் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தேனே" என்றார், எங்கள் யாரிடமும் இல்லை. பிறகு கோட்டின் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"எங்க போடணும்?"

"பதினெட்டு ஆகலேன்னா பெற்றோர் கையெழுத்தே போதும் சார்" என்று மேடத்தின் வாய் தன்னையறியாமல் ஒப்பித்துவிட்டது. முதல்வர் அவரைப் பார்த்த பார்வையில் மேடம் புத்தகத்தை மூடினார். அதற்குள் கையெழுத்து விழுந்துவிட்டது.

பிரதியைத் திருப்பிப் பார்க்க அந்த அம்மா கை நீட்டியபோது முதல்வர் அதை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். "வெளியாகாத கட்டுரையை வெளியாள் படிக்க விதி இல்லம்மா."

"அப்ப பிரிண்ட்ல வருமா?"

"பரிசீலனை முடிஞ்சிருச்சு. இனிமே இடம் இருக்கான்னுதான் பாக்கணும்" என்றார் முதல்வர்.

இடம் இல்லாமல் போயிற்று என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்தத் தடவை கட்டுரையை மட்டும் எடுத்தால் அது மறுபடி வந்து உட்கார்ந்துவிடும் என்ற பயம் குழுவுக்கு. மூன்றாம் பக்கம் முழுவதையும் படத்தால் அடைத்துவிடச் சொன்னார்கள். பழைய படத்தை அவ்வளவு பெரிதாக்க முடியாது என்றார் கணினி அண்ணன். "சார் மூஞ்சி கட்டம் கட்டமா தெரியும் சார்." எனவே புதுப்படம் எடுக்க வேண்டியதாயிற்று. எங்கே எடுப்பது? நினைவுச் செடி ஒன்று நட்டு, அதற்குத் தண்ணீர் ஊற்றினால் பொருத்தமாக இருக்கும் என்று முதல்வருக்கே தோன்றியது. கொசு விழுந்த இடத்திலேயே நட்டார்கள்.

அண்ணன் கேமராவை வைத்துக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துவிட்டார். "கீழேருந்து எடுத்தா இன்னும் உயரமாத் தெரிவீங்க சார்" என்றார். முதல்வர் வாளியைச் சாய்த்தார். அண்ணன் எடுத்தார்.

படத்தைக் குழு ஆராய்ந்தது. சட்டை கசங்கியிருக்கிறதா, தண்ணீர் பளபளக்கிறதா, செடி பச்சையாக இருக்கிறதா என்றெல்லாம் பார்த்தது. ஒப்புதல் கொடுத்தது. முதல்வரின் தலைக்கு நேர் மேலே, இரண்டாவது மாடியில், மஞ்சள் பெயின்ட் அடித்த கைப்பிடி வெளிப்பக்கம் சரிந்து நின்றதையும், போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை வழியாக வானம் தெரிந்ததையும் யாரும் பார்க்கவில்லை. மேலே பார்க்கிற வழக்கம் அவர்களுக்கு இல்லை.

இதழ் வந்தது. மூன்றாம் பக்கம் முழுக்கத் தண்ணீர், எல்லாரும் புரட்டிப் பார்த்தார்கள். அன்று மணி அடித்ததும் வடக்குப் படிக்கட்டில் ஒரு தடதடப்பும் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புப் பொடிசுகள் ஒருவர் பின் ஒருவராக, சுவரில் தோளை உரசிக்கொண்டு, சத்தமில்லாமல் இறங்கினார்கள். அவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பின்னாலேயே ஆசிரியர்களும் சுவரோரமாக இறங்கினார்கள். முதல்வரும் சுவரோரமாகத்தான் இறங்கினார். என் கண்ணால் பார்த்தேன்.

ஒரு பிரதியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பல் டாக்டரிடம் போனேன். கொசுவின் அம்மா மேஜைக்குப் பின்னால் இருந்தார். இரங்கல் ஒட்டியிருந்த இடத்தில் இப்போது பசைத் தடம் மட்டும் இருந்தது. நான்கைந்து பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூன்றாம் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சிடுங்க ஆன்ட்டி. பிரிண்ட்ல வரல."

அவர் முழுப் பக்கத்தையும் உள்ளங்கையால் நீவிவிட்டார். "எவ்வளவு தண்ணி" என்றார். திடுக்கிட்டுப் பார்த்தேன். "மாசா மாசம் வீட்ல கொண்டுவந்து காட்டுவா. எவ்வளவு தண்ணியோ அவ்வளவு செய்திம்மான்னு சொல்லிச் சிரிப்பா." அவர் விரல் மெதுவாக மேலே போய், படத்தின் உச்சியில் அந்த மஞ்சள் கோட்டில் நின்றது. "இதுவா?"

"ஆமாம் ஆன்ட்டி."

"இங்கதான் எழுதியிருக்கா. படி."

"வெறும் போட்டோதானே ஆன்ட்டி இருக்கு?"

"நீ பத்திரிகை ஆசிரியர்தானே? இதுக்குள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியும்ல? படி."

அந்தக் கட்டுரை எனக்கு எத்தனையோ தடவை பார்த்து மனப்பாடம் ஆகியிருந்தது. பக்கத்தைக் கையில் எடுத்து, முதல்வரின் வாளியைப் பார்த்துக்கொண்டே படித்தேன். வடக்குப் படிக்கட்டு, கழன்ற போல்ட்டுகள், யார் யாரிடம் கேட்டாள், யார் யார் என்ன பதில் சொன்னார்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். காத்திருந்தவர்கள் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். உள்ளே பல் குடையும் மெஷின் நின்றது. 'கைப்பிடி வெளிப்பக்கமாக இரண்டரை அங்குலம் ஆடுகிறது' என்று படித்தேன். அடுத்த வாக்கியத்தையும் படித்தேன்.

'அதற்கு மேல் அளக்க இயலவில்லை.'

கொசுவின் அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தை மடிக்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

"மேல அவ பேரு போட்டிருப்பாங்கல்ல? அதை விட்டுட்டியே. முதல்லேருந்து படிம்மா."